மலையேற்றத்தில் பிளந்த கூலன்ட் குழாய்: ஒன்றை மட்டும் மாற்றலாமா?

கேள்வி: கோவை வாசகர்

அன்புடையீர், என்னிடம் இருப்பது 2005ஆம் ஆண்டின் ஐரோப்பிய சொகுசு எஸ்யூவி. எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். மூன்றாவது உரிமையாளராக நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். இதுவரை 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற ஞாயிறன்று குடும்பத்துடன் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, பர்லியாறைத் தாண்டியதும் வண்டிக்குள் வெல்லப்பாகு காய்ச்சுவது போன்ற இனிப்பு வாடை வந்தது. சற்று நேரத்தில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துவிட்டதாக எச்சரிக்கை விளக்கு எரியவே, ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டேன். ரேடியேட்டரும் முன்பக்க ஹோஸ்களும் காய்ந்திருந்தன. ஆனால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து கூலன்ட் சொட்டிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் இன்டேக் மேனிஃபோல்டைக் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் பாகம்) கழற்றிப் பார்த்துவிட்டு, அதன் அடியில் ஓடும் பிளாஸ்டிக் குழாய்களில் ஒன்று பிளந்திருப்பதாகவும், எபாக்சி பசை வைத்து அடைத்துவிடலாம் என்றும் சொல்கிறார். வண்டியின் இன்றைய மதிப்பை நினைத்தால் பெருஞ்செலவு செய்யத் தயக்கமாக இருக்கிறது. விற்கவும் மனம் வரவில்லை. அடைத்தால் போதுமா, அந்த ஒரு குழாயை மட்டும் மாற்றலாமா, அனைத்தையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில் 1: பட்டறை வைத்திருப்பவர், சென்னை

ஐயா, எபாக்சி வேண்டவே வேண்டாம். வி வடிவ எஞ்சினில் இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் அந்தக் குழாய்கள் கிடக்கின்றன. மேலே மேனிஃபோல்டு மூடியிருப்பதால் அங்கே காற்றோட்டம் கிடையாது. கூலன்ட் 90 டிகிரிக்கு மேல், ஒரு பாருக்கும் (ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) அதிகமான அழுத்தத்தில், இருபது ஆண்டுகளாக உள்ளே ஓடும்போது, கண்ணாடி இழை கலந்த நைலானாக இருந்தாலும் அது நெகிழ்வை இழந்து உடையக்கூடியதாகிவிடுகிறது. ஒன்றாக வந்த குழாய்கள் ஒன்றாகவே மூப்படைகின்றன. இன்று பிளந்தது ஒன்று என்றால் மற்றவை முறை பார்த்துக் காத்திருக்கின்றன என்றுதான் பொருள்.

உங்கள் வண்டி எது என்று நீங்கள் எழுதவில்லை. போர்ஷே கயென் முதல் தலைமுறை வி8 எஞ்சின்களில் இருந்த இத்தகைய பிளாஸ்டிக் குழாய்களுக்குப் பதிலாகப் பின்னாளில் அலுமினியக் குழாய்கள் வந்தன. உங்கள் எஞ்சினுக்கும் அலுமினியத்தில் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கிடைத்தால் மறுயோசனை வேண்டாம்.

பழைய குழாயை இழுக்கும்போது அதன் நுனி துவாரத்துக்குள்ளேயே முறிந்து தங்கிவிடும். அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) அமரும் பரப்பைக் கீறாமல் சுத்தம் செய்ய வேண்டும். அதுவரை இன்டேக் துவாரங்களைத் துணியால் அடைத்து வைக்கச் சொல்லுங்கள். சில எஞ்சின்களில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் அதே பள்ளத்தில்தான் இருக்கிறது, அது கூலன்ட்டில் ஊறியிருந்தால் இப்போதே கழற்றிச் சோதித்துவிடுங்கள். பிறகு அதற்காக மேனிஃபோல்டை மறுபடியும் இறக்கினால் கூலி இரட்டிப்பாகும். தெர்மோஸ்டாட்டுக்கும் (வெப்பத்துக்கேற்பக் கூலன்ட்டைத் திறந்துவிடும் வால்வு) அருகிலுள்ள சிறு ஹோஸ்களுக்கும் இதுவே பொருந்தும்.

பதில் 2: மதுரையிலிருந்து ஒருவர்

பட்டறை அண்ணன் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன்; ஆனால் குழாய் வாங்குவதற்கு முன் எஞ்சின் சூடேறிக் கெட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். கூலன்ட் வடிந்துவிட்டால் வெப்பமானியை நம்ப முடியாது. சென்சாரைச் சுற்றித் திரவம் இல்லாதபோது முள் நடுவிலேயே நிற்கலாம், கீழேகூட இறங்கலாம், அந்நேரத்தில் அலுமினிய ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வளைந்துகொண்டிருக்கும். தாங்கள் விளக்கைக் கண்டதும் நிறுத்தியது மிகவும் நல்லது. புதிய குழாய்களைப் பொருத்திய பின், ரிசர்வ் தொட்டியின் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிறச் சோதனைத் திரவம் மஞ்சளாக மாறினால், சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது, அதாவது ஹெட்டின் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பொருள். ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையையோ, மேனிஃபோல்டு கழன்றிருக்கும் இந்நிலையிலேயே செய்துகொள்ளலாம். அதில் ஏதேனும் ஒரு சிலிண்டர் தாழ்ந்திருந்தால் மட்டும் விற்பது பற்றி யோசியுங்கள்.

நான் ஒரு குழாயை மட்டும் மாற்றி ஏமாந்தவன். ஏழு மாதங்களில் பக்கத்துக் குழாய் பிளந்தது. அதே வேலைக்கு இரண்டாம் முறை கூலி கொடுத்தேன். இன்னொன்று: உற்பத்தியாளர் குறிப்பிட்ட வகைக் கூலன்ட்டையே, காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்றுங்கள். சிறுவாணித் தண்ணீர் குடிப்பதற்கு எவ்வளவு சுவையாக இருந்தாலும் எஞ்சினுக்கு அது வேண்டாம். ஆழ்துளைக் கிணற்று நீரை நினைக்கவே கூடாது.

கேட்டவர் மீண்டும்

இருவருக்கும் நன்றி. கம்ப்ரஷன் எட்டு சிலிண்டர்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்ததால், அலுமினியக் குழாய்களை வரவழைத்து அனைத்தையும் மாற்றிவிட்டோம். பிளக்காமல் இருந்த குழாய் ஒன்றை மெக்கானிக் என் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். விரல் பட்டதும் பொரித்த அப்பளமாக நொறுங்கியது. எபாக்சி பற்றி அவரும் பிறகு பேசவில்லை. ஸ்டார்ட்டரின் முனைகளில் பச்சை படிந்திருந்ததால் அதையும் கழற்றிச் சுத்தம் செய்தார். காற்றை வெளியேற்றி, ஒரு பார் அழுத்தம் ஏற்றி இரவு முழுவதும் விட்டுவைத்தோம். காலையில் அழுத்தமானியின் முள் இருந்த இடத்திலேயே இருந்தது. நீலத் திரவமும் நிறம் மாறவில்லை. ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டி, தினமும் எஞ்சின் ஆறிய பின் தொட்டியின் அளவைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே மலையேறுவதாக இருக்கிறேன்.