2016 டஸ்டர் டீசல்: மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குக் கட்டுப்படியாகுமா?

கோபிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோவை சரவணம்பட்டியில் பணிபுரிகிறேன். வீட்டிலிருந்து அலுவலகம் 5 கி.மீ. தொலைவுதான். மாதம் இருமுறை கோபிசெட்டிபாளையத்துக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்துக்குப் போய்வருகிறேன். ஒரு வழி ஏறத்தாழ 80 கி.மீ. இதர அலைச்சல்களையும் சேர்த்தால் மாதம் 600 கி.மீ. ஓடும். தோட்டத்தை அடையும் கடைசி இரண்டு கிலோமீட்டர் வெறும் வண்டித்தடம் என்பதால், மழைக்காலத்தில் இப்போதுள்ள சிறிய காரின் அடிப்பகுதி நடு மேட்டில் உரசிக்கொண்டே போகிறது. அம்மாவுக்கு மூட்டுவலி வேறு. தாழ்வான இருக்கையிலிருந்து எழ ஒவ்வொரு முறையும் யாராவது கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே உயரமான வண்டி ஒன்றைத் தேடியபோது 2016-இல் பதிவான ரெனோ டஸ்டர் 85 பி.எஸ். (குதிரைத்திறன்) டீசல் ஒன்று வந்திருக்கிறது. ஒரே ஓனர், 92,000 கி.மீ. ஓடியது, விலை 4.40 லட்சம் என்கிறார்கள். "நெடுஞ்சாலையில் கண்ணை மூடிக்கொண்டு லிட்டருக்கு 20 கி.மீ. கொடுக்கும்" என்று விற்பவர் சொல்கிறார். அது உண்மையா, எரிபொருள் தவிர ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும், இதே பணத்துக்குப் பெட்ரோல் வண்டி வாங்குவது மேலா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கணக்கு நோட்டு எழுதியது:

வணக்கம் நண்பரே. இதே எஞ்சின், இதே 85 பி.எஸ். வண்டியை 2019-இல் 61,000 கி.மீ.யில் இரண்டாம் கையாக வாங்கினேன். இப்போது 1,48,000-இல் நிற்கிறது. டீசல் அடித்த ஒவ்வொரு முறையும் லிட்டரையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. (வீட்டில் இதைக் கேலி செய்வார்கள்.) அந்த நோட்டின்படி இந்த 87,000 கி.மீ.க்கான சராசரி, லிட்டருக்கு 16.4. நகருக்குள் மட்டும் ஓடிய டேங்குகளில் 13 முதல் 14 வரை வந்தது. நெடுஞ்சாலையில் 80-90 வேகத்தில் நிதானமாகப் போனால் 18.5 வரை வந்தது. அதே சாலையில் 110-இல் விரட்டினால் 15.5-க்கு இறங்கிவிட்டது. உயரமான வண்டி என்பதால் வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு சிறிய காரைவிட அதிகமாகத் தெரியும்.

20 என்ற எண் முழுப் பொய்யன்று. நிறுவனம் அறிவித்த அளவே 20-ஐ ஒட்டித்தான். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில், உருளைகளின் மீது, ஏ.சி. போடாமல், வகுத்துக் கொடுத்த வேகத்தில் ஓட்டி எடுத்த எண். டாஷ்போர்டில் வரும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். என் வண்டியில் அது 18.2 காட்டிய ஒரு பயணத்தில், டேங்க் ஃபுல் செய்து கணக்கிட்டபோது 16.6 தான் வந்தது. ஒரே பெட்ரோல் பங்கில், முதல் முறை தானாக நின்றதும் மேற்கொண்டு அடிக்காமல், மூன்று நான்கு டேங்குகளுக்குப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இனிச் செலவு. இந்த ஆறு ஆண்டுகளில் 10,000 கி.மீ.க்கு ஒன்றாக ஒன்பது சர்வீஸ் செய்ததில் 76,500 ரூபாய் ஆனது. 215/65 ஆர்16 அளவில் நான்கு டயர்கள் 34,000, கிளட்ச் செட் கூலியோடு 27,000, முன்பக்க ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், புஷ் வேலைகள் 31,000, பேட்டரி இரண்டு முறை 13,500, பிரேக் வேலை 9,500. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை டென்ஷனர், வாட்டர் பம்ப் ஆகியவற்றோடு சேர்த்து மாற்ற 14,500. கூட்டினால் 2,06,000, அதாவது கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 37 காசு. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எரிபொருளுக்கு 5.61 ஆகிறது. ஆண்டுக்குச் சுமார் 12,000 இன்சூரன்ஸையும் சேர்த்தால் கிலோமீட்டர் ஏறக்குறைய 8.80 ரூபாய். வண்டி வாங்கிய விலை இதில் இல்லை.

இன்சூரன்ஸில் இந்த வண்டிக்கு ஒரு சாதகம் உண்டு. எஞ்சின் 1,461 சி.சி. என்பதால், 2022 ஜூனில் வந்த கட்டணப்படி ஓராண்டுத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் ஜி.எஸ்.டி. நீங்கலாக 3,416 ரூபாய்தான். 1,500 சி.சி.யைத் தாண்டிய பெரிய டீசல் வண்டிகளுக்கு அது 7,897 ரூபாய்.

இருமுறை எண்ணியவன் எழுதியது:

மேலே உள்ள கணக்கு நேர்த்தியானது. ஆனால் அது ஆண்டுக்கு 14,500 கி.மீ. ஓட்டுபவருடைய கணக்கு. நீங்கள் ஓட்டப்போவது அதில் பாதி, 7,200 கி.மீ. உங்கள் ஓட்டத்தில் டீசல் வண்டி சராசரியாக 15 கொடுக்கும் என்றும், அதே உருவமுள்ள பெட்ரோல் வண்டி 13 கொடுக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 101 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 7.77, டீசலுக்கு 6.13. வித்தியாசத்தை ஓராண்டு ஓட்டத்தால் பெருக்கினால் 12,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வரும். டீசல் வாங்குவதால் நீங்கள் மிச்சப்படுத்தப்போவது அவ்வளவுதான். பழைய டீசலில், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரோ டர்போவோ ஒருமுறை பழுதாகிவிட்டால் நான்கைந்து ஆண்டு மிச்சம் ஒரே பில்லில் போய்விடும்.

டீசல் கூடாது என்று சொல்ல வரவில்லை. தரையிலிருந்து உயரமும், அம்மா ஏறி இறங்க வசதியும் தேவை என்றால் அதற்காக வாங்குங்கள். மைலேஜுக்காக வாங்குவதாக மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று: மீட்டரில் உள்ள 92,000 உண்மைதானா என்று பாருங்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு வியாபாரியிடம், வெளிமாநிலத்திலிருந்து வந்த வேறொரு நிறுவனத்தின் டீசல் வண்டியை, மீட்டரில் 58,000 பார்த்து வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து டாஷ்போர்டுப் பெட்டியின் உள்தட்டுக்குப் பின்னால் நான்காக மடித்த பழைய சர்வீஸ் பில் ஒன்று சிக்கிக் கிடந்தது. அதில் 1,12,000 என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் கிளட்ச் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து கிடந்ததை நான் கவனித்தேன். வாங்கும் நாளிலேயே அது என் காலுக்குக் கீழேதான் இருந்தது.

தில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை உத்தரவு வந்ததிலிருந்து அங்கிருந்து மலிவாக வண்டிகள் தெற்கே வருகின்றன. விலையில் மயங்கி வாங்கினால் என்.ஓ.சி. (ஆட்சேபணையின்மைச் சான்று), மறுபதிவு, இங்கே கட்ட வேண்டிய வரி என்று அலைய வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவுள்ள வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. உங்களுடையது 2031 வரை ஓடும், அதன் பிறகு எஃப்.சி.யும் (தகுதிச் சான்று) பசுமை வரியும் கட்டிப் புதுப்பிக்கலாம்.

பழைய ஸ்பேனர் எழுதியது:

தம்பி, நான் 28 ஆண்டுகளாக டீசல் வேலை பார்ப்பவன். மற்றவர்கள் பணக்கணக்கைச் சொல்லிவிட்டார்கள். நான் எஞ்சினைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இந்த 1.5 டீசல் எஞ்சின் நல்ல எஞ்சின். இதே குடும்பத்து எஞ்சின் நிசான் டெரானோவிலும் மஹிந்திரா வெரிட்டோவிலும் ஓடியிருப்பதால், அதைப் பிரித்துப் பார்த்த கைகள் நம் ஊரில் நிறைய உண்டு. பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதி) டீசலில் வரும் டி.பி.எஃப். (புகைக்கரி வடிகட்டி) தொல்லையும் இந்த வயது வண்டியில் இல்லை. எனக்குக் கவலை தருவது உங்களுடைய தினசரி 5 கி.மீ. தான். டீசல் எஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்குள் நீங்கள் அலுவலக வாசலில் அணைத்துவிடுவீர்கள். தினமும் அப்படியே நடந்தால் இ.ஜி.ஆர். வால்விலும் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடுவது) காற்றை உள்ளிழுக்கும் குழாயிலும் கரி படியும், இழுவை குறையும், மைலேஜும் 12-க்கு வந்து நிற்கும். அலுவலகத்துக்கு இப்போதுள்ள சிறிய வண்டியிலோ பைக்கிலோ போய்விட்டு, இதைத் தோட்டத்துக்கும் வெளியூருக்கும் வைத்துக்கொண்டால் எஞ்சின் நீண்ட நாள் நிற்கும். மாதம் இரண்டு முறை 80 கி.மீ. தொடர்ந்து ஓடுவது அதற்கு மருந்து மாதிரி.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள். போனவுடன் பானட் மீது கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்குள் ஒருமுறை ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். ஆறிய எஞ்சின் ஒரே சுழற்றில் பிடிக்க வேண்டும். வெண்புகை நெடுநேரம் நின்றால் இன்ஜெக்டரைச் சந்தேகிக்கலாம். ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது) ஆயில் மூடியைத் திறந்து, அதில் தலைகீழாக வைத்தால் மூடி லேசாக ஆடலாம், தூக்கி எறியப்படக் கூடாது. பிறகு ஒரு வொர்க் ஷாப்பில் இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்: நான்கு குழாய்களிலும் திரும்பி வரும் டீசல் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்க வேண்டும். இந்த எஞ்சினில் டைமிங் செயின் கிடையாது, பெல்ட். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தப் பணத்தை விலையில் கழித்துக் கேளுங்கள்.

ஓட்டும் முறையில் ஒன்று. 85 பி.எஸ். எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்குக் கீழே சோம்பலாக இருக்கும். மைலேஜ் வேண்டும் என்று நான்காம் கியரில் 30-இல் உருட்டாதீர்கள். மிச்சமாகும் டீசலைவிடக் கிளட்சுக்கும் எஞ்சினுக்கும் சேதம் அதிகம்.

கோபிக்காரன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஆண்டுக்கு 12,000 ரூபாய்தான் மிச்சம் என்பதை நான் இதுவரை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. சிறிய காரை அலுவலகத்துக்கே வைத்துக்கொள்வதென்றும், டஸ்டரை எடுத்தால் முதல் ஆண்டுக்கென 60,000 தனியாக ஒதுக்குவதென்றும் வீட்டில் பேசியிருக்கிறோம்.

நேற்றுக் காலை எட்டு மணிக்கு வண்டியைப் பார்க்கப் போனேன். பானட் சூடாக இருந்தது. "பால் வாங்கப் போனோம்" என்றார்கள். டைமிங் பெல்ட்டுக்கு பில் இல்லை. டயரில் உள்ள எண் 1916 என்றிருந்தது, 2016-ஆம் ஆண்டின் 19-ஆவது வாரம். ஸ்டெப்னி உட்பட ஐந்திலும் அதே ஆண்டு. ஒரே டயர் செட்டில் 92,000 கி.மீ. ஓடியிருக்குமா, அல்லது வண்டி பெரும்பாலும் நின்றே கிடந்ததா என்று புரியவில்லை. சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைக் கொடுத்துப் பழைய விவரம் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முன்னறிவிப்பு இல்லாமல் ஆறு மணிக்கே மறுபடி போவதாக இருக்கிறேன்.

பழைய ஸ்பேனர் எழுதியது:

அந்த டயர்களோடு ஓட்ட வேண்டாம், தம்பி. தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். பெல்ட், டயர் இரண்டையும் சேர்த்து 48,000 கழித்துக் கேளுங்கள். ஞாயிறு போகும்போது ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். ஆறு மணிக்கு வண்டியின் அடியில் ஒன்றும் தெரியாது.