மறு: பின்னூழி நாடகம், நாட்கடன், அச்சுமாந்தர்

வணக்கம். உலகமே அழிந்த பிறகு நடக்கும் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றித் தமிழில் எழுத நான் முன்வைத்த மூன்று சொற்கள் குறித்து நீங்கள் கேட்டவற்றுக்கு வரிசையாகப் பதில்.

> 'பேரழிவுக்குப் பிந்தைய தொலைக்காட்சி நாடகம்' என்று விரித்தே எழுதலாமே, புதுச்சொல் எதற்கு?

ஒருமுறை எழுதினால் சரி. பத்திக்குப் பத்தி வந்தால் வாசகர் ஓடிவிடுவார். ஆனால் நீளத்தைவிட என்னை உறுத்துவது 'பேரழிவு'தான். நிலநடுக்கமும் பேரழிவே, அதற்குப் பிறகு அரசு இருக்கும், நிவாரணம் வரும். இந்தத் தொடர்களில் வந்து உதவ யாருமில்லை. பிபிசியில் 1975-இல் தொடங்கிய 'சர்வைவர்ஸ்' கொள்ளைநோயைக் கொண்டு உலகைக் காலிசெய்தது. 2006-இல் வந்த 'ஜெரிகோ' அணுகுண்டுகளைக் கொண்டு அமெரிக்காவை உடைத்தது. காரணம் எதுவானாலும் ஒரு காலமே முடிந்துபோகிறது. அதற்கு 'ஊழி' இருக்கிறது. 'ஊழி பெயரினும் தாம்பெயரார்' என்கிறது குறள். உலகம் புரண்ட பின்னும் ஒருவர் அவராகவே இருக்கிறாரா என்பதுதானே இந்த நாடகங்களின் கேள்வியும்? எனவே பின்னூழி நாடகம், பின்னூழித் தொடர். 'அடுத்த ஊழி' என்று பொருள் மயங்கும் என்ற எதிர்ப்பு நியாயமானது. ஆனாலும் 'பின்நவீனத்துவம்' படித்துப் பழகியவர்களுக்கு அது பெரிய தடையாகாது.

> அன்றாடம் செய்வதைச் 'சடங்கு' என்றால் போதாதா?

போதாது. சடங்கு என்றதும் நாள் குறிப்பதும் ஆள் கூடுவதும் நினைவுக்கு வந்துவிடும். 'த வாக்கிங் டெட்' முதல் சீசனில் டேல் என்ற முதியவர் தினமும் அதே நேரத்தில் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறார். மணி பார்த்துப் போகவேண்டிய வேலை அங்கே யாருக்கும் கிடையாது. 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வில் அதிபர் ரோஸ்லின், உயிரோடு எஞ்சியவர்களின் எண்ணிக்கையை வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். குழந்தை பிறந்த செய்தி வந்ததும் ஒன்றைக் கூட்டுகிறார். இவற்றைப் 'பழக்கம்' என்றால் கனம் போய்விடுகிறது. என் தெரிவு 'நாட்கடன்': நாள்தோறும் தவறாமல் செய்தாக வேண்டியது. பழைய சொல்தான். 'காலைக்கடன்' கழிப்பறைக்குள் போய்விட்டதால் சிலர் சிரிப்பார்கள் என்பது தெரியும். சிரித்துவிட்டுப் பழகிக்கொள்ளட்டும்.

இதில் இன்னொரு வசதி. கடன் என்றாலே அது யார் தலையில் விழுகிறது என்ற கேள்வியும் கூட வரும். 'த வாக்கிங் டெட்' முதல் சீசனின் மூன்றாம் எபிசோடில் பெண்கள் உட்கார்ந்து எல்லோருடைய துணியையும் துவைக்கிறார்கள். இந்த வேலையெல்லாம் நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று அவர்களில் ஒருவரான ஜாக்கி கேட்டே விடுகிறார். நகரங்கள் விழுந்துவிட்டன, வேலைப் பங்கீடு மட்டும் கலையவில்லை. சடங்கு என்று தலைப்பிட்டு எழுதும் கட்டுரைக்குள் இந்தத் துணி துவைப்பு எந்த வழியாக நுழையும்?

> மூன்றாவது சொல்லுக்கு 'வார்ப்புரு'வையே வைத்துக்கொள்வோம்.

அதை விக்கிப்பீடியாக்காரர்கள் வேறு பொருளில் ('டெம்ப்ளேட்') எடுத்துக்கொண்டு வருடங்கள் ஆகிவிட்டன, இனித் திரும்பக் கிடைக்காது. தொடருக்குத் தொடர் ஒரே மாதிரி வரும் பாத்திரங்களை, 'கதைமாந்தர்' என்ற சொல்லைப் பின்பற்றி 'அச்சுமாந்தர்' என்கிறேன். ஒரே அச்சில் வார்த்தவர்கள்: முன்னாள் காவலர் தலைவனாவார், மருத்துவம் தெரிந்தவர் தேவையான நேரத்தில் சாவார், துப்பாக்கியும் டின் உணவும் குவித்து வைத்த தனியாள் யாரையும் நம்பமாட்டார். இந்தக் கடைசி ஆளை 2023-இல் 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' மூன்றாம் எபிசோடு பிரித்துக் காட்டிய விதம் அபாரம். பில் என்ற அந்தப் பாத்திரம் வரும்போது அச்சு அசலாக அந்த வகைதான். ஆனால் பொறியில் விழுந்த அந்நியனுக்குச் சமைத்து, வைன் ஊற்றிப் பரிமாறுகிறார். அந்த அந்நியன் ஃபிராங்க் பின்னாளில் பில்லின் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்து ஸ்ட்ராபெரி விதை வாங்குகிறார். ஒரு மேசையும் சாப்பாடும் வருடக்கணக்கில் தொடர, அச்சு விரிசல் விடுகிறது. மூன்று சொற்களையும் ஒரே வாக்கியத்தில் சோதிக்க இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை: 'பின்னூழித் தொடர்களில் அச்சுமாந்தரை உடைப்பது பெரும்பாலும் சண்டையைவிட நாட்கடனே.' வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எங்காவது நாக்கு தடுக்கினால் சொல்லுங்கள்.

'பங்கர்' என்பதற்குத் தமிழில் என்ன என்ற கேள்விக்கு விவாதமே வேண்டாம், பதுங்குகுழி இருக்கிறது. அதை அழிவுக்கு முன்பே கட்டி, சாமான் சேர்த்துக் காத்திருக்கிறவரை எப்படி அழைப்பது என்பதுதான் பாக்கி. 'எஞ்சியவர்' ஒத்துவராது, அவர் இன்னும் எதிலிருந்தும் எஞ்சவில்லை. 'முன்காப்பாளர்' என்று ஒன்று தோன்றுகிறது. வாயிற்காவலர் போல ஒலிப்பதால் தயங்குகிறேன். வேறு ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்.