கடனைக் குறைப்பேன் என்கிற வேட்பாளருக்கு ஆதரவா? எந்தக் கடன் என்று கேட்டீர்களா?

கிழக்குக்காற்று:
நம் சிங்கப்பூர் அரசாங்கத்தின் மொத்தக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 170 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. வீடு வீடாக வரும் வேட்பாளர்கள் லிஃப்ட், கூரையிட்ட நடைபாதை, உணவங்காடி விலை பேசுகிறார்கள், இதைப் பேசுவதில்லை. கடனைக் குறைப்பேன் என்று துணிந்து சொல்பவர் எந்தக் கட்சியானாலும் என் வாக்கு அவருக்கே. நன்கொடையும் கொடுப்பேன். பேரப்பிள்ளைகள் தலையில் சுமையைக் கட்டிவிட்டுப் போகக் கூடாது.

பேரேடு:
அந்த 170ஐ மேடையில் உரக்கச் சொல்பவருக்கு நான் வாக்களிக்கவே மாட்டேன். அது எதனால் ஆனது என்று பாருங்கள். பெரும்பகுதி, நம் ஓய்வுக்காலச் சேமிப்பை வைத்திருக்கும் மத்திய சேமநிதி (மசேநி) வாரியத்துக்கென்றே வெளியிடும் சிறப்புப் பத்திரங்கள். மசேநி சாதாரணக் கணக்கின் 2.5 விழுக்காட்டு வட்டியும் சிறப்புக் கணக்கின் 4 விழுக்காட்டு வட்டியும் தவறாமல் வருவது அந்தப் பத்திரங்களின் பலத்தில்தான். அடுத்தது, வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் வாங்கும் சந்தைப் பத்திரங்கள். இவற்றில் திரட்டிய பணத்தைச் செலவழிக்க 1992ல் வந்த அரசாங்கப் பத்திரச் சட்டம் விடாது, முதலீட்டுக்குத்தான் போகும். ஏட்டின் இடப்பக்கம் கடன் என்றால் வலப்பக்கம் சொத்து இருக்கிறது. “கடனே இல்லாமல் செய்வேன்” என்பவர், மசேநி பணத்தை அப்புறம் எங்கே வைப்பார் என்பதையும் சொல்லட்டும்.

கிழக்குக்காற்று:
அப்படியானால் கவலையே வேண்டாமா? 2021ல் சிங்கா என்ற உள்கட்டமைப்புக் கடன் சட்டம் வந்ததே. 90 பில்லியன் வெள்ளி வரை வாங்கலாம். அந்தப் பணம் முதலீட்டுக்குப் போவதில்லை, செலவாகிறது.

பேரேடு:
கவலைப்பட வேண்டிய இடத்தை இப்போதுதான் தொட்டிருக்கிறீர்கள் அண்ணே. அதற்கும் வேலி உண்டு: திட்டம் ஒவ்வொன்றும் குறைந்தது 4 பில்லியன் வெள்ளி பெறுமானம் உள்ளதாக இருக்க வேண்டும், 50 ஆண்டாவது உழைக்க வேண்டும், வட்டிச் செலவு ஆண்டுக்கு 5 பில்லியனைத் தாண்டக் கூடாது. ஆனால் ஒரு பத்திரத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுங்கள். 2022 ஆகஸ்டில், இந்தச் சட்டத்தின்கீழ் ரயில் பாதை போன்ற பசுமைத் திட்டங்களுக்காக, 50 ஆண்டுப் பசுமைப் பத்திரம் 2.4 பில்லியனுக்கு விற்றது. வட்டி 3 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 72 மில்லியன். 2072க்குள் வட்டி மட்டுமே 3.6 பில்லியன் ஆகிவிடும், அசல் தனி. அன்று ரயிலில் போகிறவர்களும் அதில் பங்கு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. வேலி நகராமல் இருப்பதுதான் முக்கியம்.

இன்னொன்று. வரவுசெலவுத் திட்டத்தின் சுருக்க அட்டவணையில் கடைசி வரிகளைப் படியுங்கள். இந்தத் திட்டங்களுக்கான செலவைச் சொத்தாக மாற்றிக் கூட்டிக்கொண்டு, தேய்மானத்தை மட்டும் கழிக்கிறார்கள். உபரி என்று செய்தியில் வரும் எண் அதற்குப் பிறகு வருவது. அதற்கு மேலே, இந்தக் கூட்டல் கழித்தலுக்கு முன் இருக்கும் வரியையும் சேர்த்துச் சொல்கிற வேட்பாளர் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று பொருள்.

தெம்பனிஸ்_தமிழ்:
வலப்பக்கச் சொத்து எவ்வளவு என்று மக்களுக்குத் தெரியாதே, பேரேடு! நாட்டின் நிதியிருப்பை, அதாவது சேர்த்து வைத்த சொத்தை, நிர்வகிக்கும் மூன்று அமைப்புகளில் தெமாசெக்கும் நாணய ஆணையமும் தங்கள் தொகையை வெளியிடுகின்றன, ஜிஐசி வெளியிடுவதில்லை. முதலாவது தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் ஓங் டெங் சியோங் சொத்துப் பட்டியல் கேட்டபோது, அதைத் தயாரிக்க 56 மனித ஆண்டு, அதாவது ஒருவரே செய்தால் 56 ஆண்டு, பிடிக்கும் என்று பதில் வந்தது. அவரே 1999ல் அதைச் சொன்னார். இதை விடாமல் கேட்கிறவர்தான் என் கண்ணுக்குக் கொள்கையுள்ளவர்.

பேரேடு:
முழுத் தொகையும் வெளியே வந்தால், வெள்ளியின் மதிப்பைத் தாக்க நினைக்கும் ஊக வணிகர்களுக்கு நாமே அளவைச் சொன்னதுபோல் ஆகும். இதில் நான் அசைய மாட்டேன். ஆனால் நிதியிருப்பிலிருந்து எடுத்த பணத்தைக் கேளுங்கள், அது வெளிப்படையாகவே இருக்கிறது. 2009 நெருக்கடிக்கு எடுத்த 4 பில்லியனை 2011ல் திருப்பி வைத்தார்கள். கொவிட்டுக்கு 3 நிதியாண்டுகளில் எடுத்த ஏறத்தாழ 40 பில்லியன் திரும்பவில்லை.

தெம்பனிஸ்_தமிழ்:
நிதியிருப்பு ஈட்டும் நிகர முதலீட்டு வருவாயில் இப்போது 50 விழுக்காடு வரை வரவுசெலவுத் திட்டத்துக்கு எடுக்கலாம். அதை 60 ஆக்கினால் பொருள் சேவை வரியை 9 விழுக்காட்டுக்கு ஏற்றியிருக்கவே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். கடன் பற்றிப் பேசும் வேட்பாளர் இதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

பேரேடு:
ஆமாம், அதுதான் சரியான சோதனை. கூடுதலாக எடுக்கிற ஒவ்வொரு வெள்ளியும் நிதியிருப்பு வளர்வதிலிருந்து கழிகிறது. கடனை எதிர்த்துக்கொண்டே இதையும் வாக்குறுதியாகக் கொடுப்பவர் ஒரே பையில் இரண்டு ஓட்டை போடுகிறார்.

கிழக்குக்காற்று:
சரி, 170ஐ விட்டுவிடுகிறேன். 90 பில்லியன் வரம்பை உயர்த்த மசோதா வந்தால் எப்படி வாக்களிப்பீர்கள் என்று வாசலுக்கு வருகிறவரிடம் கேட்பேன். நன்கொடைக்கு விதி என்ன?

தெம்பனிஸ்_தமிழ்:
கொடுப்பவர் குறைந்தது 21 வயதான குடிமகனாக இருக்க வேண்டும். நிரந்தரவாசியான உறவினர் பணத்தை உங்கள் பெயரில் போடாதீர்கள், வேட்பாளருக்குத்தான் சிக்கல். பெயர் சொல்லாத நன்கொடை ஆண்டுக்கு மொத்தமே 5,000 வெள்ளிதான் அவர் வாங்க முடியும். அதனால் பெயரோடு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பேரேடு:
வரம்பை உயர்த்த மாட்டேன் என்று அவர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள் அண்ணே. கடலோரத் தடுப்புச் சுவரா, குறுக்குத் தீவு ரயில் பாதையா, எதைத் தள்ளிப்போடுவார் என்று அடுத்து கேளுங்கள்.