எடை உணரியா, திரிபுணரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பரப்பில் ஒட்டி அதன் நீட்சியையும் சுருக்கத்தையும் அறிய உதவும் ஸ்ட்ரெய்ன் கேஜுக்கு (strain gauge) 'எடை உணரி' என்று தமிழ்ப்பெயர் வைக்கலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மெல்லிய உலோக இழைக்கு எடை என்றால் என்னவென்றே தெரியாது. ஒட்டியிருக்கும் பரப்பு நீண்டால் தானும் நீளும், மின்தடை கூடும்; சுருங்கினால் குறையும், அவ்வளவுதான். பாலத்தின் உத்திரத்திலும் விமான இறக்கையிலும் இதையேதான் ஒட்டுகிறார்கள், அங்கே யாரும் எதையும் நிறுப்பதில்லை.

பிளஸ் ஒன் இயற்பியலில் தகைவு (stress), திரிபு (strain) என்று ஏற்கெனவே படிக்கிறோம். அதனால் 'திரிபுணரி' போதும். இலங்கையில் திரிபை விகாரம் என்பார்கள், அவர்களுக்கு 'விகார உணரி' சரியாக இருக்கும். 'மானி' வேண்டாம் என்பேன், ஏனென்றால் வெப்பமானி மாதிரி இது தானாக எந்த அளவையும் காட்டாது.

அப்புறம் லோட் செல் (load cell), அதாவது தராசில் சுமையை உணரும் பாகம். மளிகைக் கடைத் தராசைத் திறந்தால் நடுவில் துளையிட்ட அலுமினியக் கட்டை ஒன்று இருக்கும், அதன்மேல் வெள்ளைப் பசைக்கு அடியில் நான்கு திரிபுணரிகள், சுமை வைத்தால் இரண்டு நீளும், இரண்டு சுருங்கும். அந்தக் கட்டை முழுவதற்கும் 'சுமையுணரி' என்பதே என் விருப்பம். 'சுமைக்கலம்' என்றால் மின்கலம் என்று குழம்புவார்கள்.

உண்மையான சிக்கல், இந்த நான்கையும் இணைக்கும் வீட்ஸ்டன் சுற்றின் பெயரில்தான். நான்கு மின்தடைகளை இரண்டிரண்டாக இரு வரிசைகளில் தொடுத்து, இரண்டுக்கும் ஒரே மின்னழுத்தம் கொடுத்து, வரிசைகளின் நடுப்புள்ளிகளை ஒப்பிடும் சுற்று அது. பள்ளியில் 'சமனச் சுற்று' என்று படித்தோம், சிறு மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள் சுழிக்கு (பூச்சியத்துக்கு) வரும்வரை மின்தடையை மாற்றுவோம், அங்கே அந்தப் பெயர் மிகச் சரி. தராசில் நாம் அளப்பதே சமன் குலைவதைத்தான்! 350 ஓம் திரிபுணரியில் முழுச் சுமைக்கு மாறுவது சுமார் 0.7 ஓம். நான்கும் சேர்ந்து, 5 வோல்ட் கொடுத்தால், வெளியே வருவது ஏறக்குறைய 10 மில்லிவோல்ட். 5 கிலோ தராசில் ஒரு கிராமுக்கு 2 மைக்ரோவோல்ட்தான். வெயிலில் நான்கின் மின்தடையும் ஒன்றுபோல ஏறினாலும் நடுப்புள்ளிகள் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மாறாது, அதற்காகத்தான் இந்த அமைப்பே. அந்த இரு புள்ளிகளுக்கும் குறுக்கே போடும் இணைப்புதான் பாலம். ஆகவே இங்கே 'பாலச் சுற்று' என்றே சொல்வோம், இரண்டு வேலைக்கும் பொருந்தும்.

தட்டின் எடையைக் கழிக்கும் 'டேர்' பொத்தானுக்கு மட்டும் எனக்கு நல்ல சொல் சிக்கவில்லை. கடைகளில் புழங்கும் சொல் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.