ரூட் கெனல்: நோவு நின்ற பிறகும் பாதி வேலை மிச்சம்

பல் வைத்தியர், ஹட்டன்

போத்தலில் பச்சைத்தண்ணியோடு வந்து வரிசையில் உட்காருபவரைப் பார்த்தவுடனே விளங்கும். ஒரு மிடறை வாயில் வைத்திருப்பார். அது சூடேறி விழுங்கியதும் நோவு கிளம்பும், உடனே அடுத்த மிடறு. சுடுதேத்தண்ணி பட்டால் உயிர் போகிறது, குளிர்ந்த தண்ணி பட்டால் அடங்குகிறது என்றால் பல்லுக்குள் இருக்கும் நரம்புச் சதை அழியத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பல்லை வெறுமனே அடைத்து அனுப்ப முடியாது. ரூட் கெனல், அதாவது கெட்ட நரம்பை எடுத்து வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் வேலை, செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பிடுங்க வேண்டும்.

இதற்கு முந்திய கட்டம் வேறு. நுவரெலியாக் குளிரில் விடியக்காலை வாய் கொப்பளிக்கும்போது சுள்ளென்று கூசி, சில விநாடிகளில் அடங்கினால், சொத்தையைச் சுரண்டி அடைப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். கூச்சம் அரை நிமிடத்துக்கு மேல் நின்றால், படுத்ததும் விண்விண்ணென்று தெறித்தால், நித்திரையைக் கலைத்தால், அடைக்கும் காலம் கடந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் நோவு தானாகவே நிற்கும். கராம்பு வைத்தது கேட்டது என்று நினைப்பார்கள். உள்ளே நரம்பு செத்துவிட்டது, அவ்வளவுதான். கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும். சில மாதம் கழித்து முரசில் (ஈறில்) பரு மாதிரி ஒன்று வந்து சீழ் கசியும், வற்றும், திரும்ப வரும். அதை ஊசியால் குத்திவிட்டுக்கொண்டே வருடக்கணக்கில் இருப்பவர்கள் நிறையப் பேர். நோகவில்லை, அதனால் வருவதில்லை.

பல் சிகிச்சை அறை உதவியாளர், பண்டாரவளை

கதிரையில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பயம் குறையும்.

முதலில் எக்ஸ்றே, பிறகு விறைப்பு ஊசி. கீழ்க் கடைவாய்ப் பல் கடும் நோவில் இருந்தால் ஒரு ஊசி போதாமல் போகலாம். உதடு விறைத்திருக்கும், பல் மட்டும் நோகும். பொறுத்துக்கொண்டு இருக்காமல் கையைத் தூக்குங்கள், இன்னொன்று போடலாம்.

அடுத்து பல்லைச் சுற்றி ஓர் இரப்பர் விரிப்பு. மூச்சு முட்டும் என்று சிலர் வேண்டாம் என்பார்கள். மூக்கால் மூச்சு விட்டால் ஒன்றும் ஆகாது. எச்சிலில் உள்ள கிருமி வேருக்குள் போகாமலும், ஊசி மாதிரி மெல்லிய அரம் தவறித் தொண்டைக்குள் விழாமலும், கழுவுகிற மருந்து வாயில் வழியாமலும் காப்பது அதுதான். அந்த மருந்து சோடியம் ஹைப்போகுளோரைட். துணி வெளுக்கும் திரவத்தில் உள்ள அதே பொருள். தொண்டையில் அந்தக் காரம் தட்டினால் உடனே சைகை காட்டுங்கள்.

வேருக்குள் இருக்கும் குழாய்களின் எண்ணிக்கை பல்லுக்குப் பல் மாறும். மேல் முன்பல்லில் பெரும்பாலும் 1. கீழ் முதல் கடைவாய்ப் பல்லில் 3 அல்லது 4. மேல் முதல் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் நாலாவது ஒன்று ஒளிந்திருக்கும். கண்டுபிடிக்காமல் விட்ட குழாயால்தான் பல பற்களில் நோவு திரும்ப வருகிறது. ஆகவே கடைவாய்ப் பல்லுக்கு ஒரு மணித்தியாலம் போனால் பதற வேண்டாம். இடையில் பீப் பீப் என்று கத்தும் சின்னப் பெட்டி, அரம் வேர் நுனியை நெருங்குவதைச் சொல்கிறது. கடைசியில் கட்டபெர்ச்சா என்ற இரப்பர் போன்ற பொருளால் குழாயை அடைப்பார்கள். அந்த அடைப்பு எக்ஸ்றேயில் வேர் நுனிக்கு 2 மில்லிமீற்றருக்குள் வந்து நிற்க வேண்டும், நுனியைத் தாண்டவும் கூடாது.

வெற்றிலை பாக்கு போடுகிறவர்கள் வீட்டிலேயே ஒன்று பாருங்கள். விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு இடையில் விடுங்கள். மூன்று போக வேண்டும். இரண்டு விரல்கூடப் போகாவிட்டால் கடைவாய்க்குள் 21 மில்லிமீற்றர் அரத்தையும் அதைப் பிடிக்கும் கையையும் நுழைக்க இடமே இருக்காது. பாக்கினால் கன்னத்துச் சதை இறுகுவது பிற்காலத்தில் புற்றுநோயாகவும் மாறக்கூடியது. பல்லுக்கு முன் அதைக் காட்டுங்கள்.

மருந்தாளர், தலவாக்கலை

பார்மசியில் அடிக்கடி கேட்பது: "பல்லு வலிக்கு ரெண்டு நாளைக்கு அன்டிபயோட்டிக் குடுங்க." செத்த நரம்புக்குள் இரத்த ஓட்டம் கிடையாது. அமொக்சிசிலின் அங்கே போய்ச் சேரவே சேராது. காய்ச்சலோ பரவுகிற வீக்கமோ இருந்தால் டொக்டர் எழுதுவார். அப்போதுகூட உள்ளே இருக்கும் அழுக்கை எடுக்கத்தான் வேண்டும்.

பெரியவர்களுக்கு நோவுக்கு பரசிட்டமோல் 500 மில்லிகிராம் 2 மாத்திரை, 6 மணித்தியாலத்துக்கு ஒரு முறை. நாளுக்கு 8க்கு மேல் வேண்டாம். 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் கேட்டு எடுக்க வேண்டும். இபுபுரோபன் 400 மில்லிகிராம் சாப்பாட்டுக்குப் பிறகு நன்றாகக் கேட்கும். ஆனால் இரைப்பைப் புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டொக்டரிடம் கேட்காமல் கொடுப்பதில்லை. காய்ச்சலும் சேர்ந்து இருந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை இபுபுரோபனும் அஸ்பிரினும் தொடவே வேண்டாம்.

அஸ்பிரின் மாத்திரையை முரசில் ஒதுக்கி வைப்பது இன்னும் நடக்கிறது. தோல் வெந்து வெள்ளையாக உரியும், பல்லுக்கு ஒரு பயனும் இல்லை.

தாடைக்குக் கீழே வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த இரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பல் வைத்தியர், ஹட்டன்

இரண்டாவது தடவையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முதல் நாள் நரம்பை எடுத்து, கல்சியம் ஹைட்ரொக்சைட் மருந்து வைத்து, தற்காலிக அடைப்புப் போட்டு அனுப்புகிறோம். நோவு நின்றுவிடுகிறது. திரும்ப வந்தால் அரைப்பேராவது (அரைநாள் சம்பளம்) போகும், பஸ் காசு வேறு. வராமல் இருப்பது பொறுப்பின்மை என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அடைப்பு 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு மூடி மட்டுமே. சில வாரங்களில் தேய்ந்து ஒழுகும். எச்சில் இறங்கி மருந்தைக் கரைக்கும், கிருமி திரும்பக் குடியேறும். 4 மாதம் கழித்து கன்னம் வீங்கி வரும்போது பல் பிளந்தும் இருக்கலாம்.

ஆகவே முதல் நாளே மூன்று கேள்வி கேளுங்கள். மொத்தம் எத்தனை தடவை? மொத்தச் செலவு எவ்வளவு? அதில் கெப், அதாவது பல்லுக்கு மேல் போடும் உறை, சேர்ந்ததா? சில பற்களை ஒரே நாளில் முடிக்கலாம். முடியாதென்றால் வேலையில்லாத நாளில் திகதி கேளுங்கள், பெரும்பாலான இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். கெப் போடக் காசு இல்லாவிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ரூட் கெனல் செய்த கடைவாய்ப் பல்லின் சுவர் மெலிந்திருக்கும். கெப் இல்லாமல் முறுக்கும் கடலையும் கடித்தால் ஒரு நாள் வேர்வரை பிளக்கும், அதற்குப் பிறகு பிடுங்குவதைத் தவிர வழியில்லை. முன்பல்லில் உடைவு குறைவாக இருந்தால் நல்ல அடைப்பே போதும்.

முடித்த பிறகு 2, 3 நாள் கடிக்கும்போது நோவது வழமை. அந்தப் பல் மட்டும் முதலில் முட்டுவது போல இருந்தால் அடைப்பு உயரமாக இருக்கிறது. 5 நிமிடத்தில் தேய்த்துவிடலாம், தாங்கிக்கொண்டு இருக்காதீர்கள்.

பல் வைத்தியர், பேராதனை

எல்லா அரச பல் கிளினிக்கிலும் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனல் செய்யும் வசதி இருக்காது. பிடுங்கச் சம்மதிக்கும் முன், பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பும் துண்டு கேட்டுப் பாருங்கள். ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டி போகும் பஸ் பேராதனையைத் தாண்டித்தான் போகிறது.

வரும்போது பழைய எக்ஸ்றேயைக் கொண்டு வாருங்கள். ஒரு வருடம் கழித்து எடுக்கும் படத்தில் வேர் நுனியில் இருந்த கருநிழல் சிறுத்திருக்கிறதா என்று ஒப்பிட முதல் படம் வேண்டும். பெரிய நிழல் ஆற 4 வருடம்கூட எடுக்கலாம். படத்தை ஒரு பொலித்தீன் உறையில் போட்டு கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். கூரை ஒழுகும் மழைக்காலத்தில் ஈரம் பட்டால் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும், உரித்தால் நிழல் இருந்த இடமே போய்விடும்.