புதுப்பிப்பு: ஊட்டி வீட்டுக்கு மாடி எடுக்கும் கதை

போன மாதம் கேட்டிருந்தேன் இல்லையா, ஊட்டியில் அப்பா கட்டிய வீட்டின் மேல் இன்னொரு மாடி எடுக்கலாமா என்று. முடியாது. மலைப்பகுதிக் கட்டட விதிகளின்படி உயரம் 7 மீட்டருக்குள்தான், எங்கள் வீடு ஏற்கெனவே அதைத் தொட்டுவிட்டது. இதைச் சொல்ல ஓர் அலுவலகத்தில் என்னை நான்கு முறை படியேற வைத்தார்கள், அதுவும் மழையில். சரி, பின்பக்கம் மண்ணை வெட்டி ஓர் அறை போடலாம் என்றால், நீலகிரியில் ஜேசிபி இறக்கவே கலெக்டர் அனுமதி வேண்டும். எரிச்சல்தான். ஆனால் 2009 நவம்பர் மழையில் மண் சரிந்ததைப் பார்த்தவன், விதியைத் திட்ட வாய் வரவில்லை. அப்புறம், ‘பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் கட்டினாரே’ என்று கேட்டவருக்கு: அவர் கதவில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. இப்போதைக்கு ஒழுகும் தகரத்தை மட்டும் மாற்றுகிறோம், ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்.