பைப்பிங்: குழாயரிப்பா, புரையோட்டமா?

அன்பர்களே,

சிறு மண் அணைகளுக்கான பராமரிப்புக் கையேட்டின் சொற்பட்டியலில் 'பைப்பிங்' என்பதற்குக் 'குழாயரிப்பு' என்று போட்டிருக்கிறோம். மாற்ற வேண்டும். படகு விடும் ஏரியின் காவலரிடம் "குழாயரிப்பு இருக்கா, பாருங்க" என்றால், நேரே மதகுக் குழாயைப் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, துரு இல்லை என்று வந்து சொல்வார். இங்கே குழாய் என்று ஒன்று கிடையாது. கரைக்குள் ஊறிய நீர் வெளிப்பக்கக் கரையடியில் மண்துகளையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அங்கே ஒரு சிறு துளை விழும். துளை விழுந்த பக்கமே நீரும் கூடி ஓடும். அரிப்பு வெளியிலிருந்து ஏரியை நோக்கி உள்ளுக்குள் வளரும். ஏரித் தண்ணீரைத் தொட்டுவிட்டால் சில மணி நேரம்தான். அமெரிக்காவின் டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 காலையில் கலங்கல் கசிவு தெரிந்தது. நண்பகலுக்குச் சற்று முன் கரை போய்விட்டது.

என் முன்மொழிவு: புரையோட்டம். வெளியே ஆறியதுபோல் இருக்கும் புண் உள்ளே வழி பறித்துக்கொண்டு போவதைப் புரையோடுதல் என்கிறோம். புரை என்றால் உட்துளை. வினையாகவும் ஆளலாம்: 'கரை புரையோடியிருக்கிறது'.

— தருமபுரியிலிருந்து

*

> புரை என்றால் உட்துளை.

சொல் நன்றாக இருக்கிறது, ஐயா. கண்புரை, பால் புரை எல்லாம் நினைவுக்கு வரும், அது பெரிய இடைஞ்சல் இல்லை. ஆனால் 'கரை புரண்டது', 'கரை புரையோடியது' இரண்டையும் மழை இரைச்சலில் செல்போனில் சொல்லிப் பாருங்கள். ஒன்றில் தண்ணீர் கரைக்கு மேலே ஏறி வழிகிறது. கோடியை, அதாவது ஏரியின் உபரிநீர் வழிந்தோடும் இடத்தை, அடைத்திருக்கும் குப்பையை வாரி, தாழ்ந்த இடத்தில் மணல்மூட்டை அடுக்க வேண்டும். மற்றதில் மூட்டையோடு ஓட வேண்டிய இடம் கரையடி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட இரவில் காதில் பாதிதான் விழும்.

'வளையரிப்பு' என்றால் என்ன? நண்டு வளை, எலி வளை தெரியாத ஆள் ஏரிக்கரையில் கிடையாது.

— ஊத்தங்கரையிலிருந்து

*

> 'வளையரிப்பு' என்றால் என்ன?

வளை என்பது காரணங்களில் ஒன்று மட்டும். பெருச்சாளி வளை, வேலிகாத்தானை வெட்டியபின் மண்ணுக்குள் மக்கிப்போன வேர், மதகை ஒட்டி இறுகாத மண், இப்படி எதிலிருந்தும் இது தொடங்கும். மதகோரம்தான் இருப்பதிலேயே மோசம். ரோலர் அங்கே நெருங்க முடியாது, திமிசுக்கட்டையால் மெல்லிய அடுக்குகளாக இடிக்க வேண்டும், பெரும்பாலும் இடிப்பதில்லை. விரல் நுழையும் இடைவெளி இருந்தால் நீருக்குப் போதும். 'வளையரிப்பு' என்று பெயர் வைத்தால் எலிப் பொந்தில் மண்ணைத் திணித்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள்.

'கசிவு' என்பதோடும் இதைக் குழப்பக் கூடாது. எல்லா மண்கரையும் கசியும். தெளிவாகவும் ஒரே அளவிலும் வந்தால் அளந்து எழுதி வைத்தால் போதும். 10 லிட்டர் வாளி 40 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லிட்டர். பக்கத்திலேயே அன்றைய ஏரி மட்டத்தையும் எழுத வேண்டும். மட்டம் இல்லாத அளவு எதற்கும் உதவாது. பிறகு ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால் கரை உள்ளே கரைகிறது என்று பொருள். ஊறும் இடத்தைச் சுற்றி எறும்புப் புற்றுபோல மணல் வட்டம் எழுந்திருந்தால் பாட்டிலே தேவையில்லை. அதற்கு 'மணலூற்று' என்று பட்டியலில் உள்ளது, இருக்கட்டும்.

பொழுதுபோக்கு ஏரிகளில் இன்னொரு சிக்கல். கரையடியைப் பூங்காவாக்கிப் புல் வளர்த்து, நாள்தோறும் நீர் தெளிக்கிறார்கள். ஈரம் தெளிப்பானுடையதா, ஏரியுடையதா? பார்வையிடுவதற்கு மூன்று, நான்கு நாள் முன்பே தெளிப்பதை நிறுத்தச் சொல்லிக் கையேட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும். சுற்றிலும் புல் காய்ந்திருக்க ஓரிடத்தில் மட்டும் கோரை பச்சையாக நின்றால் அங்கே குனிந்து பார்க்க வேண்டும். விளக்குக் கம்பத்துக்கும் கேபிளுக்கும் கரையைத் தோண்டிய இடங்களையும் பார்க்க வேண்டும். கோடைவரை படகு மிதக்கட்டும் என்று கோடியின் மேல் பலகையும் மூட்டையும் வைப்பது எல்லாவற்றையும்விடக் கெட்ட பழக்கம். உள் அழுத்தம் கூடும், கரை வழியவும் இடம் கொடுக்கும். (நம் பக்கம் எல்லாரும் 'ஏரி கோடி போகுது' என்னும்போது, பட்டியலில் 'உபரிநீர்ப் போக்கி' எதற்கு?)

விளக்கத்தில் 'அடைக்காதே' என்பது முதல் வரியாக வர வேண்டும். வெளித்துளையைக் களிமண்ணாலோ சிமெண்டாலோ அடைத்தால் நீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். பருமணல், அதன்மேல் சல்லி, அதன்மேல் கல் என்று பரப்ப வேண்டும். நீர் வடியும், மண் நிற்கும். இதற்கு 'வடிபடுக்கை' என்று பெயர் வைக்கலாம். கூடவே மதகைத் திறந்து ஏரியை இறக்க வேண்டும். நாளுக்கு ஓர் அடிக்குள் என்பது கைக்கணக்கு. வேகமாக இறக்கினால் ஊறிய உட்சரிவு சரியும். கலங்கல் கூடிக்கொண்டே போனால் அந்தக் கணக்கைப் பார்க்காதீர்கள். கீழ்ப்பக்கத்து ஆட்களை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

— தருமபுரியிலிருந்து

*

வளையரிப்பைக் கைவிடுகிறேன். காது குழம்பாமல் இருக்க, மற்றதை மாற்றிவிடலாம்: 'கரைபுரளல்' வேண்டாம், 'கரைவழிதல்' என்று போடுவோம். 'கோடி'க்கும் என் வாக்கு உண்டு. 10 மீட்டருக்குக் குறைந்த கரைகள் 2021 அணைப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வராததால், பெரும்பாலும் இந்தச் சொல்லைப் படிக்கப்போவது காவலரும் படகுக்காரரும்தான். அறிவிப்புப் பலகைக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்:

"கரையடியில் கலங்கல் தண்ணீர் வந்தால் கரை புரையோடுகிறது. அடைக்காதீர்கள். படகை நிறுத்திவிட்டு உடனே சொல்லுங்கள்."

'சொல்லுங்கள்' என்றால் யாரிடம்? அந்த இடத்தில் போன் எண் வர வேண்டும், அதுவும் இரவில் எடுக்கிற எண்ணாக.

— ஊத்தங்கரையிலிருந்து